வாசனை ஷாம்புவும் வேலூர்த் தண்ணீரும்

கூந்தல் கேள்வி பதில்
(பதில் தருபவர் வேலூர் சத்துவாச்சாரியில் 22 ஆண்டுகளாகப் பெண்கள் அழகு நிலையம் நடத்தி வருகிறார்)

எனக்கு நேர்முடியும் இல்லை, சுருட்டையும் இல்லை, அலையலையான முடி. குளித்துக் காய்ந்ததும் மேல்முடி எல்லாம் எழுந்து நின்றுகொள்ளும். நாத்தனார் மகள் சொன்னாள் என்று மல்லிகை வாசனை ஷாம்பும் அதே வாசனையில் கண்டிஷனரும் சேர்த்து 740 ரூபாய்க்கு வாங்கினேன். வாசனை பிரமாதம். முடி மட்டும் முன்பு மாதிரியே பறக்கிறது. வாசனை சேர்த்திருப்பதால்தான் முடி வறண்டு போகிறதா? என் பணம் போனதுதானா?
— வாசகி, காந்தி நகர், காட்பாடி

பணம் போகவில்லை. பாட்டிலை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் நான் தேடியது ஒரே ஒரு விவரம்: எந்தத் தண்ணீரில் குளிக்கிறீர்கள்? அதை நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்தில் பல வீடுகளில் இரண்டு குழாய் உண்டு. மாநகராட்சித் தண்ணீர் சமையலுக்கும் குடிக்கவும். போர் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும். உங்கள் குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாகக் காறை கட்டியிருக்கிறதா? ஹீட்டரைக் கழற்றினால் சுண்ணாம்பு மாதிரி உரிகிறதா? அப்படியானால் அதே காறை ஒவ்வொரு குளியலிலும் உங்கள் முடிமேலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருக்கிறது.

முடியின் வெளிப்பக்கம் நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி, செதில்மேல் செதிலாகப் படுத்திருக்கும். செதில் படிந்திருந்தால் முடி வழுவழுவென்று இறங்கும், பளபளக்கும். செதில் தூக்கிக்கொண்டால் ஒரு முடி இன்னொன்றோடு உரசும், சிக்கு விழும், காற்றிலிருக்கும் ஈரம் உள்ளே புகுந்து முடியை உப்ப வைக்கும். கார்த்திகை மழையில் நம் தலை இரண்டு மடங்காகத் தெரிவது அதனால்தான். அலைமுடிக்கும் சுருட்டைமுடிக்கும் இன்னொரு கஷ்டமும் உண்டு. தலையில் ஊறுகிற எண்ணெய்ப் பசை நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை போய்விடும். வளைந்து வளைந்து போகிற முடியில் பாதி வழியிலேயே நின்றுவிடும். நுனி எப்போதும் காய்ந்தே கிடக்கும். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அந்தக் காய்ந்த செதில்களில் ஒட்டிக்கொண்டால், விரலை விட்டுக் கோதும்போதே சொரசொரப்பு தெரியும்.

வாசனைமேல் பழி போடாதீர்கள். ஒரு ஷாம்புவில் வாசனைப் பொருளின் அளவு பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழேதான். உங்கள் முடியை அது அடக்கவும் அடக்காது, பறக்கவும் விடாது. (அரிப்பு வருகிறவர்களின் கதை வேறு, அடுத்த பக்கத்தில் ஆம்பூர் வாசகிக்குச் சொல்லியிருக்கிறேன்.)

என் முடியும் உங்கள் முடிதான். கணியம்பாடிப் பக்கம் எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீரில் குளித்தவரைக்கும் ஆயா பின்னிவிட்ட சடை மறுநாள் வரை கலையாது. கல்யாணமாகி சத்துவாச்சாரிக்கு வந்த மூன்றாவது மாதம் ஆயா என்னைப் பார்க்க வந்தார். வாசலிலேயே நின்று, “இன்னாடி தலை இது, காக்கா கூடு மாறி கீது” என்று கேட்டார். அன்று ராத்திரி நான் அழுதேன். எண்ணெய் மாற்றினேன், ஷாம்பு மாற்றினேன், தண்ணீரை மட்டும் யோசிக்கவே இல்லை. யோசிக்க எனக்கு நான்கு வருஷம் ஆனது.

அதனால் உங்கள் மாதிரி கேள்வி வந்தால் நான் வாயால் பதில் சொல்வதில்லை, செய்து பார்த்துவிடுகிறேன். போன ஐப்பசியில் தொடங்கி ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு தலைக்குளியல், மல்லிகை வாசனை ஷாம்பு, அதே வாசனைக் கண்டிஷனர். முதல் இரண்டு வாரம் முழுக்கப் போர் தண்ணீர். அடுத்த இரண்டு வாரம் எல்லாம் அதேதான், கடைசி அலசல் மட்டும் அரைக் குடம் காவிரித் தண்ணீர். (மேட்டூரிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிற தண்ணீரை இன்னும் நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்.) கடைசி இரண்டு வாரம் ஷாம்புவும் தண்ணீரும் அப்படியே இருக்க, கண்டிஷனர் மட்டும் வாசனையே இல்லாத, விலையும் குறைந்த ஒன்று. ஒவ்வொரு முறையும் காய்ந்து இரண்டு மணி நேரம் கழித்துக் கண்ணாடி முன் நின்று நோட்டில் எழுதினேன்.

முதல் இரண்டு வாரம்: ஈரத்தில் விரல் வழுக்கியது, காய்ந்ததும் உச்சியில் முடி எழுந்துகொண்டது. அடுத்த இரண்டு வாரம்: நெற்றியோரம் குட்டிமுடி தவிர மற்றதெல்லாம் படிந்தது. இதை நான் மட்டும் சொல்லவில்லை, கடையில் என்னோடு வேலை செய்கிற பெண் கேட்காமலே சொன்னாள். கடைசி இரண்டு வாரம்: முடி அதே அடக்கம், ஆனால் சாயங்காலத்துக்குள் வாசனை போய்விட்டது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய மாற்றம் தண்ணீரால் வந்தது. கண்டிஷனர் வாசனையோடு இருந்தாலும் இல்லாமல் இருந்தாலும் அடக்குவதில் வித்தியாசம் இல்லை.

அரைக் குடம் நல்ல தண்ணீர் ஏற்கெனவே ஏறியிருக்கும் காறையை இறக்காது. அதற்கு ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைப் பாருங்கள். டைசோடியம் ஈடிடிஏ அல்லது டெட்ராசோடியம் ஈடிடிஏ என்று இருக்கும். கால்சியத்தைப் பிடித்துத் தண்ணீரோடு கொண்டுபோகிற பொருள் அது. பட்டியலின் கடைசியில் பேருக்கு இருந்தால் பெரிய பலன் இல்லை. உப்புத் தண்ணீருக்கென்றே விற்கிற ஷாம்பு ஒன்றை மூன்று வாரத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். மற்ற நாட்களுக்கு உங்கள் மல்லிகை ஷாம்பு நன்றாகவே உழைக்கும்.

கண்டிஷனரிலும் இப்படித்தான். முன்பக்கம் மல்லிகைப் படம், பின்பக்கம் உண்மை. பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு என்று இருந்தால் நல்லது. ஈர முடியில் எதிர்மின்னேற்றம் இருக்கும், இவற்றில் நேர்மின்னேற்றம். அதனால் எங்கே முடி அதிகம் அடிபட்டிருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். செட்டியரைல் ஆல்கஹால் என்பதைப் பார்த்து ஆல்கஹால் என்று பயந்து போனில் கூப்பிடுகிறவர்கள் உண்டு. அது சாராயம் இல்லை, மெழுகு மாதிரி ஒரு பொருள், முடிக்கு மென்மை கொடுப்பதே அதுதான். டைமெதிக்கோன், அமோடைமெதிக்கோன் போன்ற சிலிக்கோன்கள் ஈரம் உள்ளே புகாமல் மேலே மெல்லிய உறை போடும். மழைக்காலத்தில் எனக்கு அது வேண்டும், வெயில் காலத்தில் அவ்வளவு தேவைப்படுவதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஷாம்பு உச்சந்தலைக்கு மட்டும். நுனியில் தேய்க்க வேண்டாம், வழிந்து போகிற நுரையே அதற்குப் போதும். பிறகு முடியைக் கையால் நன்றாகப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டச் சொட்டக் கண்டிஷனர் போட்டால் அது பாதி சாக்கடைக்குப் போகும். காதுக்குக் கீழேயிருந்து நுனிவரை தடவி, அகலப் பல் சீப்பால் அங்கேயே சிக்கெடுத்து, மூன்று நிமிஷம் விட்டு அலசுங்கள். கடைசியாக நல்ல தண்ணீர். துவட்டும்போது பூத்துண்டால் தேய்க்காதீர்கள், பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டு ஒற்றி ஒற்றி எடுங்கள்.

இன்னும் சந்தேகமாக இருந்தால் பாதித் தலை சோதனை செய்யுங்கள். நடு வகிடு எடுத்து, இடப்பக்கம் மல்லிகைக் கண்டிஷனர், வலப்பக்கம் பத்து ரூபாய் பாக்கெட்டில் வருகிற வேறு ஒன்று. ஒரே ஷாம்பு, ஒரே தண்ணீர், ஒரே நாள். காய்ந்ததும் வீட்டில் யாரையாவது எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று கேளுங்கள். எது எந்தப் பக்கம் என்று அவர்களுக்குச் சொல்லாதீர்கள். கம்பெனிகளே கண்டிஷனரை இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

சீக்காய் போட்டுப் பழகியவள் நான். என் பெண்கள் ஷாம்பு வாசனைக்காகவே அதை விரும்புகிறார்கள். முடி பறப்பதற்கு எது நல்லது, சீக்காயா ஷாம்பா?
— வாசகி, ஆரணி

சீக்காயில் இயற்கையாகவே நுரைக்கிற சப்போனின் இருக்கிறது, லேசான புளிப்புத்தன்மையும் உண்டு. முடிச்செதில் படிய அந்தப் புளிப்பு உதவும். துணி சோப்பிலும் குளியல் சோப்பிலும் காரத்தன்மை அதிகம், அவை செதிலைத் தூக்கிவிடும். உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டால் பிசுக்காகத் திரிந்து முடியிலேயே ஒட்டிக்கொள்ளும். சோப்பா சீக்காயா என்று இருந்த காலத்தில் நம் பெரியவர்கள் சீக்காயைப் பிடித்துக்கொண்டது சரியான காரியம்.

ஆனால் உலர்ந்த சீக்காய்த் தூளை வெறும் தண்ணீரில் குழைத்துப் போட்டால் நார்த் தூள் முடிக்குள் மாட்டிக்கொள்ளும். சிக்கெடுக்கிற சாக்கில் முடியை அறுக்கிறோம். எங்கள் ஆயா சோறு வடித்த கஞ்சி ஆறிய பிறகு அதில் சீக்காயைக் கரைப்பார். கஞ்சியின் மாவுப் பசை முடிமேல் மெல்லப் படியும், சீப்பு இழுக்காது. அந்தக் கஞ்சிதான் அந்தக் காலத்துக் கண்டிஷனர் என்று நான் நினைக்கிறேன். அதோடு முந்தின நாளே தேங்காய் எண்ணெய் வைத்திருப்பார்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே ஊடுருவி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று மரிகோ நிறுவன ஆய்வாளர்கள் 2003-இல் கட்டுரை வெளியிட்டார்கள். சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தக் குணம் இல்லை என்பதையும் அதில் காட்டினார்கள். எண்ணெய் விற்கிற கம்பெனியின் ஆய்வு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். என் 22 வருஷ அனுபவம் அவர்கள் பக்கம்தான்.

வாசனையை உங்கள் பெண்கள் விரும்புவதில் தப்பே இல்லை. கடலூரில் பிறந்த பாக்கெட் ஷாம்பு தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குள் போனதே மல்லிகை, ரோஜா வாசனையோடுதான். 1983-இல் தொடங்கிய சிக் ஷாம்பு அந்த இரண்டு வாசனையில் வந்தபோது எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும். நாங்கள் நான்கு பெண்கள் ஒரு பாக்கெட்டைப் பங்கு போட்டுக்கொண்டோம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனால் வகுப்பு முழுக்க அந்த வாசம் வரும். தலைக்குக் குளித்த பெண் தன்னையே ஒரு தடவை முகர்ந்து பார்த்துச் சந்தோஷப்படுவது பெரிய விஷயம். அதை எந்தப் பெண்ணிடமிருந்தும் நான் பறிக்க மாட்டேன்.

உங்களுக்குச் சீக்காய் ஒத்துக்கொண்டால் மாற்றாதீர்கள். நுனிக்கு மட்டும் கொஞ்சம் கண்டிஷனர் போடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது.

வாசனை ஷாம்பு போட்ட மறுநாள் பின்கழுத்தும் காதோரமும் அரிக்கிறது. தலையில் ஒன்றும் இல்லை. இயற்கை எண்ணெய் வாசனை என்றுதான் போட்டிருக்கிறது. தொடரலாமா?
— வாசகி, ஆம்பூர்

உடனே நிறுத்துங்கள். உச்சந்தலைத் தோல் தடிமன், அது தாங்கிக்கொள்ளும். நுரை வழிந்து நிற்கிற பின்கழுத்து, காதுமடல், இமை ஆகிய மூன்றிலும்தான் ஒவ்வாமை முதலில் தலைகாட்டும். நீங்கள் இடத்தைச் சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள்.

இயற்கை எண்ணெய் என்றால் அரிக்காது என்பது தவறு. லாவெண்டரிலும் எலுமிச்சையிலும் இயற்கையாகவே இருக்கிற லினலூல், லிமோனீன் காற்றுப் பட்டுப் பழசானதும் பலருக்கு ஒவ்வாமை தருகிறவை. நம் ஊர்ப் பாட்டில்களில் பெரும்பாலும் பெர்ஃப்யூம் அல்லது பர்ஃபம் என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடுவார்கள். அதற்குள் பல பொருட்கள் இருக்கலாம். ஐரோப்பாவில் 26 வாசனைப் பொருட்களை, கழுவி எடுக்கிற பொருளில் நூற்றுக்கு 0.01 பங்குக்கு மேல் இருந்தால், பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று சட்டம். 2023-இல் அந்தப் பட்டியலை எண்பதுக்கும் மேல் நீட்டிவிட்டார்கள். அதனால் ஏற்றுமதிக்கும் சேர்த்துச் செய்கிற பாட்டில்களில் இந்தப் பெயர்களைப் பார்க்கலாம். உங்களுக்கு உதவுகிற பாட்டில் அதுதான்.

அரிப்பு முழுக்க ஆறட்டும். பிறகு வாசனையே இல்லாத ஷாம்பு வாங்குங்கள். கடையில் ஒரு வார்த்தை கவனியுங்கள்: ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ என்றால் வாசனைப் பொருள் சேர்க்கவில்லை. அன்சென்டட் என்றால், மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்க ஒரு வாசனைப் பொருள் உள்ளே இருக்கலாம். இரண்டும் ஒன்றில்லை. அதற்கும் அரித்தால் காரணம் வாசனை இல்லாமல் மெதில்ஐசோதையசோலினோன் போன்ற பதப்படுத்தும் பொருளாகவும் இருக்கலாம். அப்போது தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். முதுகில் சின்னச் சின்ன ஒட்டுப் பட்டைகள் வைத்து, 48 மணி நேரம் கழித்து எடுத்து, இன்னும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். எந்தப் பொருள் என்று பெயரோடு தெரிந்துவிடும். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க லேபிள் படித்து வாங்கலாம்.

தலையில் துணி போட்டு வெளியே போகிற வழக்கம் இருந்தால் ஒன்று சொல்கிறேன். ஈரமுடியைக் கட்டி மூடிக்கொண்டு போகாதீர்கள். அரித்த இடம் ஈரத்தில் இன்னும் புண்படும், முடியும் மடிந்த இடத்தில் அப்படியே மொரமொரப்பாகும்.

எங்கள் தெருவில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியே போகிற தண்ணீரைத் தலைக்கு ஊற்றிக்கொள்ளலாமா? குழாயில் மாட்டுகிற ஃபில்டர் பலன் தருமா?
— வாசகர், வாணியம்பாடி

அந்தக் கழிவுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். மிஷின் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்து இறங்குகிறது. உங்கள் போர் தண்ணீரைவிட அது மோசம். வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயில் மாட்டுகிற சின்ன ஃபில்டர் மண்ணையும் துருவையும் ஓரளவு பிடிக்கும். கால்சியம், மெக்னீசியத்தால் வருகிற கடினத்தன்மையைப் போக்குவது உப்புப் போட்டு ஓட்டுகிற சாஃப்ட்னர் என்கிற பெரிய கருவி. அதை வீட்டுக்கு மொத்தமாக வைக்க வேண்டும், செலவு அதிகம். கொதிக்க வைத்து ஆற வைத்தால் ஒரு பங்கு அடியில் வெள்ளையாகப் படியும். மீதி தண்ணீரிலேயே இருக்கும்.

பாலாற்றுக் கரையில் இருக்கிற நமக்கு இந்த உப்பு வெறும் பாறையிலிருந்து வந்தது மட்டுமில்லை. தோல் பதனிடுகிற ஷாப்புகளின் கழிவு நிலத்தடிக்கு இறங்கியதற்காக வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வாங்கியது. ‘மாசுபடுத்துகிறவரே ஈடு செய்ய வேண்டும்’ என்பதை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகச் சொன்ன தீர்ப்புகளில் அது ஒன்று. தீர்ப்பு வந்தும் என் கடைக்கு ராணிப்பேட்டை, வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு ஊர்களிலிருந்து வருகிற பெண்களின் முடியைத் தொட்டாலே எந்த ஊர்த் தண்ணீர் என்று என் விரலுக்குத் தெரிகிறது. அதைச் சொல்லும்போது எனக்கு வேதனையாகத்தான் இருக்கிறது.

குளியல் முழுக்க எந்தத் தண்ணீரிலும் இருக்கட்டும், கடைசி அலசலுக்கு மூன்று லிட்டர் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மாடியில் பாத்திரம் வைத்துப் பிடித்த தண்ணீருக்கு ஈடு எதுவும் இல்லை. முதல் பத்து நிமிஷ மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

கண்டிஷனரை அலசாமல் விட்டால் வாசனை நிற்கும், முடியும் படியும் என்று தோழி சொல்கிறாள். சரியா?
— கல்லூரி மாணவி, வேலூர்

சரியில்லை. அலச வேண்டிய கண்டிஷனரை விட்டால் இரண்டாம் நாளே பிசுபிசுக்கும், வேர்வையில் நெற்றியோரம் பரு வரும். விடுவதற்கென்றே லீவ்-இன் என்று தனியாக இருக்கிறது. அதில் பட்டாணி அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, நுனியில் மட்டும் தடவுங்கள்.

தை மாதம் எனக்குக் கல்யாணம். முடி பறக்காமல் இருக்கக் கடையில் மருந்து தடவி அயர்ன் வைத்துப் படிய வைக்கிற கெரட்டின் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். செய்யலாமா?
— வாசகி, குடியாத்தம்

என் கடையில் நான் அதைச் செய்வதில்லை. அதனால் வருமானம் குறைகிறது, பரவாயில்லை. பல கெரட்டின் மருந்துகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, அல்லது சூடுபட்டதும் அது வெளியே வருகிறது. அயர்ன் வைக்கும்போது எழுகிற புகையில் கண் எரியும், தொண்டை கமறும். உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நாள், நின்று செய்கிற பெண்ணுக்குத் தினமும். ஃபார்மால்டிஹைடு இல்லை என்று விற்கிற சிலவற்றில் கிளைஆக்ஸிலிக் அமிலம் இருக்கிறது. அப்படி ஒரு கிரீமுக்குப் பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்ட இளம்பெண்ணைப் பற்றி பிரான்ஸ் மருத்துவர்கள் 2024-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். கல்யாணப் பெண்ணுக்கு அந்த ஆபத்து எதற்கு?

உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. வாரம் ஒரு முறை முந்தின ராத்திரி தேங்காய் எண்ணெய், காலையில் ஷாம்பு, கண்டிஷனர், நல்ல தண்ணீர் அலசல். நுனி பிளந்திருந்தால் ஒரு அங்குலம் வெட்டிவிடுங்கள், மனசு வராது, ஆனாலும் வெட்டுங்கள். புது வாசனை எதையும் கல்யாணத்துக்கு முந்தின வாரம் முதன்முதலாகப் போட்டுப் பார்க்காதீர்கள். எதுவானாலும் ஒரு மாதத்துக்கு முன்பே பாக்கெட்டில் வாங்கிச் சோதித்துவிடுங்கள். முகூர்த்தத்தன்று சடை வைத்துப் பின்னிப் பூ சுற்றுவார்கள். அன்றைக்குக் குளித்த முடியைவிட முந்தின நாள் குளித்த முடிதான் பின்னலில் நிற்கும். இதை உங்கள் ஊர் அலங்காரக்காரம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள்.

எட்டு வயது மகளுக்குப் பெரியவர்கள் போடும் வாசனை ஷாம்பு போடலாமா? ஸ்ட்ராபெரி வாசனை வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள்.
— வாசகி, திருப்பத்தூர்

குழந்தைகளுக்கானதையே வாங்கிக் கொடுங்கள், வாரம் இரண்டு முறை, ஒரு ரூபாய்க் காசு அளவு போதும். ஸ்ட்ராபெரி வாசனை தலையில் புண்ணோ சொறியோ இல்லாத குழந்தைக்குக் கெடுதல் இல்லை. பாட்டிலை மட்டும் எட்டாத இடத்தில் வையுங்கள், தம்பி தங்கை இருந்தால் பழச்சாறு என்று குடித்துவிடுவார்கள்.

எனக்கு 64 வயது. வெளிநாட்டிலிருக்கும் மகள் லாவெண்டர் வாசனையில் ஷாம்பும் கண்டிஷனரும் அனுப்பியிருக்கிறாள். முடி நன்றாக அடங்குகிறது. ஆனால் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் தலைக்குக் குளிப்பேன், வெள்ளிக்கிழமை பூ வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவேன். லாவெண்டரும் மல்லிகையும் சேர்ந்து எனக்குத் தலைவலி வருகிறது. மகளிடம் சொல்ல மனசு இல்லை.
— வாசகி, வாலாஜாபேட்டை

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் ஆசையாக அனுப்பியதை மூலையில் வைக்கவும் வேண்டாம், நீங்கள் பூவை விடவும் வேண்டாம்.

ஷாம்புவின் வாசனை பெரும்பாலும் நுரையோடு போய்விடும். வாசனைப் பொருள் எண்ணெய்த்தன்மை உள்ளது. அதனால் முடிமேல் தங்குகிற கண்டிஷனரோடு சேர்ந்துதான் அது நாள் முழுக்க நிற்கிறது. உங்களுக்குத் தலைவலி தருகிற லாவெண்டரில் பெரும்பங்கு அந்த இரண்டாவது பாட்டிலிலிருந்து வருகிறது. வெள்ளிக்கிழமை மகள் அனுப்பிய ஷாம்பு மட்டும் போடுங்கள். கண்டிஷனருக்குப் பதிலாக வாசனை இல்லாத ஒன்றை, சின்ன பாட்டிலாக, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடியின் அடக்கம் குறையாது, என் நோட்டில் அது எழுதியிருக்கிறது. முடி முழுக்கக் காய்ந்த பிறகு பூ வையுங்கள். ஈரத்தில் வைத்தால் மல்லிகை சீக்கிரம் கறுத்து, அதன் வாசமே மாறிவிடும்.

லாவெண்டர்க் கண்டிஷனரைச் செவ்வாய்க்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று சாயங்காலம் மகள் போனில் கூப்பிட்டால், போட்டுக்கொண்டேன் என்று சொல்லலாம்.